ரப்பரா, வினைலா, தரை மேட்டா? வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்று ஓர் அடி விழுமே, நிலைமின்சாரம் பாய்வதுதான் அது. அதை நம் விரல் உணர வேண்டுமென்றால் உடம்பில் சுமார் 3,000 வோல்ட்டாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒரு ஐசி, அதாவது மின்னணு போர்டில் இருக்கும் சிப், கெட்டுப்போக 100 வோல்ட் போதும். அதற்கும் கீழேயே செத்துப்போகும் பாகங்களும் இருக்கின்றன. முழுசாகச் செத்தால்கூடப் பரவாயில்லை, சோதனையிலேயே தெரிந்துவிடும். அரைகுறையாக அடிபட்டு, சோதனையில் தேறி, வாடிக்கையாளரிடம் போய் ஒரு மாதம் கழித்து மடிகிற போர்டுதான் பெயரைக் கெடுக்கும்.

இதற்காகத்தான் மேசையில் நிலைமின்சாரத்தை வடியவிடும் மேட் விரிக்கிறோம். பழுது பார்க்கும் கடையோ, அசெம்பிளி வரிசையோ, ஆய்வகமோ, எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் வருகிறது: எந்த மேட் நல்லது? மேட் மின்னூட்டத்தை விழுங்குவதில்லை, அது ஒரு வாய்க்கால் மாதிரி. மேலே இருப்பதை வடியவிடும். வடிந்தது கடைசியில் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே நான் மேட் தேர்வு செய்யும்போது மூன்றைத்தான் பார்ப்பேன்: எவ்வளவு வேகமாக வடிய வேண்டும், மேட்டின் மேல் என்ன சூடு படும், அந்த வாய்க்காலின் கடைமடை உண்மையிலேயே எர்த்தைத் தொடுகிறதா. நிறம், பிராண்டு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

லேபிளில் பார்க்க வேண்டிய எண்

'ஆன்டி-ஸ்டேட்டிக்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். உரசும்போது அதிகம் மின்னேறாது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதற்கும் உறுதி தருவதில்லை. போர்டைப் போட்டு அனுப்பும் இளஞ்சிவப்புப் பைகூட ஆன்டி-ஸ்டேட்டிக்தான், அதை விரித்து யாரும் மேட் என்று சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது மின்தடை எண். 10,000 ஓமுக்குக் கீழே இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும் ரகம். அங்கிருந்து 10,000 கோடி ஓம் வரை மெல்ல வடியவிடும் ரகம். பெட்டியில் 'டிசிப்பேட்டிவ்' என்று போட்டிருப்பது இதைத்தான். அதற்கு மேல் போனால் வெறும் பிளாஸ்டிக் மாதிரி, எதையும் வடியவிடாது. மேசை மேட்டைப் பொறுத்தவரை, ஈஎஸ்டியைத் (நிலைமின்சாரம் சட்டென்று பாய்வதை) தடுப்பதற்கான ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20, ஐஈசி 61340-5-1 ஆகிய இரண்டு தரநிலைகளும் ஒரே மேல் எல்லையை வைத்திருக்கின்றன: மேல்பரப்பிலிருந்து எர்த் இணைப்பு வரை 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும். லேபிளில் 10⁹ என்று எழுதியிருப்பார்கள். கீழ் எல்லையாகப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது 10 லட்சம் ஓம், அதாவது 10⁶.

ஏன் இந்த எண்கள்? நம் உடம்பை ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) என்று எடுத்துக்கொண்டால் சோதனைக் கணக்கில் அதன் கொள்திறனை 100 பிக்கோஃபாரட் என்று வைக்கிறார்கள். உடம்பில் 1,000 வோல்ட் ஏறியிருக்கிறது, கையை மேட்டில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேட் 100 கோடி ஓம் என்றால் அது 100 வோல்ட்டுக்கு இறங்கக் கால் வினாடிகூட ஆகாது. 10,000 கோடி ஓம் என்றால் 23 வினாடி. அதற்குள் போர்டை எடுத்து, திருப்பி, இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றியிருப்பீர்கள்.

அப்படியானால் தடை குறையக் குறைய நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கறுப்பு நிறக் கடத்தும் மேட்டை மேசையில் போடுவார்கள், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசையை எர்த் செய்துவிட்டு மேட்டே வேண்டாம் என்பார்கள். பிரச்சினை என்னவென்றால், சில சமயம் மின்னேறி இருப்பது நாம் அல்ல, ஐசியேதான். அடைத்து வரும் பிளாஸ்டிக் டியூபிலிருந்து வழுக்கி வெளியே வரும்போதே அதில் மின்னூட்டம் ஏறிவிடும். அதை அப்படியே உலோகத்தின் மேல் வைத்தால் நானோ வினாடிக் கணக்கில், ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் பாய்ந்து உள்ளே எதையாவது பொசுக்கிவிடும். டிசிப்பேட்டிவ் மேட்டில் அதே மின்னூட்டம் நிதானமாக இறங்கும். இன்னொன்றும் இருக்கிறது: பட்டன் செல் வைத்த போர்டையோ, மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் போர்டையோ கடத்தும் பரப்பில் வைத்தால் அடியில் இருக்கும் சோல்டர் முனைகள் எல்லாம் ஷார்ட். மேசை மேல்பரப்புக்குக் கடத்தும் ரகம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

ரப்பருக்கும் வினைலுக்கும் நடுவே

மேசை மேட்டில் உண்மையான போட்டி ரப்பருக்கும், வினைல் என்கிற பிவிசி பிளாஸ்டிக்குக்கும்தான்.

ரப்பர் மேட் பெரும்பாலும் இரண்டடுக்காக வரும், சுமார் 2 மி.மீ. கனம். மேலே நீலம், பச்சை, சாம்பல் என்று ஏதோ ஒரு நிறத்தில் டிசிப்பேட்டிவ் அடுக்கு. அடியில் கறுப்பாகக் கடத்தும் அடுக்கு. மின்னூட்டம் மேட்டின் குறுக்கே ஊர்ந்து போக வேண்டியதில்லை. நேரே கீழே இறங்கி, கறுப்பு அடுக்கில் ஓடி, மூலையில் இருக்கும் ஸ்னாப் பட்டன் வழியாக எர்த்துக்குப் போய்விடும். மேட்டின் எந்த மூலையில் போர்டை வைத்தாலும் ஏறக்குறைய ஒரே தடைதான்.

ரப்பரின் பெரிய பலம் சூடு. சோல்டரிங் அயர்னின் முனை 350 பாகை செல்சியஸ் பக்கம் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஈயம் இல்லாத சோல்டர் சுமார் 217 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் சிதறி விழும் துளிகூட அதற்கு மேலான சூட்டில்தான் விழும். வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர் உருகாது. அயர்ன் நேராகப் பட்டால் கருகும், ஒரு தழும்பு விழும், அதோடு சரி. வினைல் அப்படி இல்லை. துளி விழுந்த இடத்தில் குழி, அயர்ன் பட்ட இடத்தில் பள்ளம், மூக்கைத் துளைக்கும் புகை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், சுவாசிப்பதற்கு நல்லதில்லை. சோல்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸின் மிச்சத்தைத் துடைக்க ஆல்கஹால் அடிக்கடி ஊற்றுகிற மேசையிலும் ரப்பர்தான் நிற்கும். அடிக்கடி கரைப்பான் பட்டால் வினைலில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் வெளியேறி, மேட் விறைத்து ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ரப்பருக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. புதிதில் நாற்றம். சுருட்டி வந்ததை விரித்தால் ஒன்றிரண்டு நாள் ஓரங்கள் படியாமல் அடம்பிடிக்கும். விலையும் கூடுதல். வல்கனைஸ் செய்யக் கந்தகம் சேர்ப்பதால், வெள்ளி முலாம் பூசிய முனைகளை நாள்கணக்கில் அதன் மேல் போட்டு வைத்தால் கறுக்க வாய்ப்பிருக்கிறது. அப்புறம் ஒரு வேடிக்கை: இரண்டடுக்கு ரப்பரைத் தலைகீழாக விரித்து வைத்திருக்கும் மேசைகளை நான் பார்த்திருக்கிறேன். 'கறுப்பு அழுக்கு தெரியாதே' என்று காரணம் சொன்னார்கள். கறுப்பு மேலே வந்தால் கடத்தும் பரப்பு மேலே வந்துவிட்டது, மேலே சொன்ன அத்தனை தொல்லையும் கூடவே வந்துவிட்டது.

வினைலில் இரண்டு ஜாதி உண்டு. முழுக்க ஒரே பொருளால் ஆன ஒற்றை அடுக்கு ஒன்று, நடுவே கடத்தும் வலையோ தாளோ புதைத்த மூன்றடுக்கு மற்றொன்று. ஒற்றை அடுக்கு மலிவு. ஆனால் அதில் மின்னூட்டம் ஸ்னாப் வரை மேட்டின் ஊடாகவே நடந்து போக வேண்டும், தூரம் கூடினால் தடையும் கூடும். சின்ன மேசைக்குச் சரி, நீளமான பெஞ்சுக்குச் சரிவராது. மூன்றடுக்கில் அந்தத் தொல்லை இல்லை. அடிப்பக்கம் பெரும்பாலும் மெத்தென்ற ஃபோமாக இருப்பதால் கண்ணாடி, லென்ஸ், ஸ்க்ரீன் போன்றவற்றைக் கீறாமல் தாங்கும். நன்றாகப் படியும், துடைக்க எளிது, வெளிர் நிறத்தில் கிடைப்பதால் கைதவறி விழுந்த சின்ன ஸ்க்ரூ கண்ணுக்குப் படும். கத்தரித்து நீங்களே ஸ்னாப் அடிப்பதாக இருந்தால் மட்டும் கவனம் தேவை: ஸ்னாப்பின் பல் நடு அடுக்கைக் கடித்திருக்க வேண்டும். மேல் அடுக்கோடு நின்றுவிட்டால் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும், மின்னூட்டம்தான் இறங்காது.

ஆகவே அயர்னோ, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியோ எடுக்கிற மேசைக்கு இரண்டடுக்கு ரப்பர், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சூடு படாத அசெம்பிளி, பரிசோதனை, பேக்கிங் மேசைகளுக்கு மூன்றடுக்கு வினைல் போதும், மிச்சமாகும் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒளியியல் கருவிகளோ, தூசியைக் கட்டுப்படுத்திய சுத்த அறையோ என்றால் வினைலிலிருந்து மெல்ல ஆவியாகும் பொருள் லென்ஸில் படலமாகப் படியக்கூடும் என்பதையும் யோசியுங்கள். அதற்கென்றே தயாரித்த ரகங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தப் பொருளானாலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: மின்னூட்டத்தை வடியவிடும் தன்மை பொருளுக்குள் கலந்ததா, மேலே பூசியதா? மேற்பூச்சு ரகங்கள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. பத்து முறை துடைத்தால் பூச்சு போய்விடும். ஏசி ஓடிக் காற்று வறண்டு போனாலும் படுத்துவிடும். பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான். பயிற்சிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கு உண்டு: கம்பளத்தில் நடந்தால் ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதம் இருக்கும்போது 1,500 வோல்ட், 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போது 35,000 வோல்ட்.

நீல சிலிக்கோன் மேட்டின் மாயம்

போன் பழுது பார்ப்பவர்கள் மேசையில் நீலமாக, குட்டிக் குட்டித் தட்டுகளும் ஸ்க்ரூ போடக் குழிகளும் வைத்த ஒரு சிலிக்கோன் மேட் இருக்கும். 500 பாகை வரை தாங்கும் என்று விளம்பரம். அந்த எண்ணை விடுங்கள், சூட்டை நன்றாகத் தாங்குவது உண்மைதான். ஆனால் சாதாரண சிலிக்கோன் ஒரு முதல்தரக் காப்பான், உரசினால் தாராளமாக மின்னேறும். அதை எர்த் செய்யவும் முடியாது, ஏனென்றால் அதற்குள் மின்னூட்டம் நகரவே நகராது. 'ஆன்டி-ஸ்டேட்டிக்' என்ற பெயரிலேயே விற்கப்படுவதுதான் கொடுமை. ஸ்னாப் பட்டன் இல்லை, ஓம் எண் இல்லை என்றால் அது சூடு தாங்கும் மேட் மட்டுமே. ஸ்க்ரூக்களை அடுக்கி வைக்க வேண்டுமானால் ரப்பர் மேட்டுக்குப் பக்கத்தில், போர்டு வைக்கும் இடத்தை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே விதி மேட்டின் மேல் நாம் கொண்டுபோய் வைக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் கோப்புறை, தண்ணீர் பாட்டில், செல்லோடேப் சுருள், தெர்மோகோல் துண்டு, இவற்றில் ஏறிய மின்னூட்டத்தை எப்பேர்ப்பட்ட மேட்டாலும் வடிக்க முடியாது. வேலைக்குத் தேவையில்லாததை மேசையிலிருந்து எடுத்துவிடுவதே மருந்து. தவிர்க்க முடியாத பிளாஸ்டிக் என்றால் குறைந்தது 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால், அயனிகளை ஊதி மின்னூட்டத்தைச் சமன் செய்யும் அயனைசர் விசிறி. மேட்டின் மேல் அழகாகக் கண்ணாடித்தாள் ஒட்டி 'அழுக்காகாமல் பாதுகாப்பவர்களை' என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எர்த் இல்லாத மேட்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நல்ல விலைக்கு வாங்கிய ரப்பர் மேட் மேசைக்கு மேசை விரித்திருந்தது. ஒயரும் இருந்தது. ஒருநாள் மேசையை நகர்த்தியபோது குனிந்து பார்த்தேன். ஒயரின் முதலை கிளிப் மேசைக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. காலில் தடிமனாகப் பெயிண்ட், அதன் நுனியில் ரப்பர் புஷ். மின்னூட்டம் மேட்டில் இறங்கி, ஒயரில் ஓடி, பெயிண்டில் முட்டி நின்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அதனால் மேட்டோடு வரும் ஒயரை ஓர் இலவச இணைப்பாக நினைக்காதீர்கள். மின் இணைப்பின் எர்த் பின்னோடு இணைவதுதான் முதல் தேர்வு, அதற்கென்றே எர்த் பின் மட்டும் உலோகமாக உள்ள பிளக்குகள் கிடைக்கின்றன. தனியாக எர்த் கம்பி அடித்திருந்தால் அதற்கும் மின் இணைப்பின் எர்த்துக்கும் நடுவே 25 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து மேசை இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் பொது எர்த் புள்ளிக்குத் தனி ஒயர் போக வேண்டும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு என்று மாலை கோத்தால், நடுவில் ஒன்று கழன்றதும் அதற்கு அப்பால் உள்ளவை அத்தனையும் அநாதை.

மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பையும் இதே புள்ளியில்தான் சேர்க்க வேண்டும். பட்ஜெட் இடித்தால் எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ரிஸ்ட் ஸ்ட்ராப்தான். மேட் கருவிகளையும் போர்டையும் பார்த்துக்கொள்ளும். கையை மேட்டிலிருந்து எடுத்த நொடியில் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது ஸ்ட்ராப் மட்டும்தான். அதற்குள் இருக்கும் 10 லட்சம் ஓம் தடை, தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும் ஸ்ட்ராப் வழியாக ஓடும் மின்னோட்டத்தைக் கால் மில்லியாம்பியருக்குள் அடக்கிவிடும். அதற்காக உயர் வோல்ட் ஓடும் சர்க்யூட்டில் ஸ்ட்ராப்போடு கைவைக்காதீர்கள். அந்த வேலைக்குக் கழற்றிவிட வேண்டும்.

தரை மேட் யாருக்கு?

நின்றபடியோ நடந்தபடியோ வேலை செய்கிறவர்களுக்கு. உட்கார்ந்திருப்பவருக்கு இது ஸ்ட்ராப்புக்கு மாற்றே அல்ல, காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்ததும் இணைப்பு அறுந்துவிடும்.

தரை மேட்டைத் தனியாக வாங்குவது பாதி வாங்குவதுதான். சாதாரண ரப்பர் செருப்போடு அதன் மேல் நின்றால் பலன் பூஜ்யம். இரண்டு காலிலும், உடம்பைத் தரை மேட்டோடு இணைக்கும் ஹீல் ஸ்ட்ராப்போ (குதிகாலில் மாட்டும் பட்டை) ஈஎஸ்டி ஷூவோ வேண்டும், ஒரு காலில் மட்டும் மாட்டினால் நடக்கும்போது பாதி நேரம் இணைப்பே இருக்காது. தரநிலையும் மேட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஆள், காலணி, தரை மூன்றும் சேர்ந்து 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும், நடக்கும்போது உடம்பில் ஏறுவது 100 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு மெஷின் முன்னால் ஒரே ஆள் நிற்கிறார் என்றால் கால்வலி குறைக்கும் மெத்தை ரகத் தரை மேட் நல்ல முதலீடு. அறை முழுக்க ஆள் நடமாட்டம் என்றால் துண்டு துண்டாக மேட் போடுவதைவிட ஈஎஸ்டி டைலோ எப்பாக்ஸி பூச்சோ தரையிலேயே போட்டுவிடுவது மேல், மேட்டின் ஓரம் தடுக்கி விழும் தொல்லையும் இல்லை.

அளந்து பார்ப்பது

மேட் வந்ததும் அளக்க வேண்டும், அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். முறையான சோதனையில் 63.5 மி.மீ. விட்டமும் 2.27 கிலோ எடையும் கொண்ட மின்முனையை மேட்டில் வைத்து, முதலில் 10 வோல்ட்டிலும், தடை 10 லட்சம் ஓமுக்கு மேல் காட்டினால் 100 வோல்ட்டிலும் அளக்கிறார்கள். நிறைய மேசை இருக்கும் இடத்தில் இந்தக் கருவியை வாங்கிவிடுவதே உத்தமம்.

ஒன்றிரண்டு மேசைதான் என்றால் கையில் இருக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாதிக் கிணறு தாண்டலாம். நல்ல மேட்டின் தடை பெரும்பாலும் மல்டிமீட்டரின் எல்லைக்கு மேலே இருக்கும், ஆகவே 'ஓவர்' என்று காட்டினால் மேட் கெட்டது என்று அர்த்தமில்லை, நல்லது என்றும் இல்லை. ஆனால் சில ஆயிரம் ஓம் காட்டினால் அது கடத்தும் ரகம் என்று அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். ஸ்னாப்பிலிருந்து எர்த் பின் வரை ஒயரின் தொடர்ச்சியைப் பார்க்கவும் மல்டிமீட்டரே போதும். ஒயருக்குள் 10 லட்சம் ஓம் தடை வைத்த ரகம் என்றால் அந்த எண்ணும், வைக்காத ரகம் என்றால் ஏறக்குறைய பூஜ்யமும் காட்ட வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒயரில்தான் இருந்தது.

அளவு திடீரென ஏறிவிட்டால் உடனே புது மேட் வாங்க ஓடாதீர்கள், முதலில் துடையுங்கள். ஃப்ளக்ஸும் கை எண்ணெயும் படலமாகப் படிந்தாலே தடை ஏறிவிடும். வீட்டில் பளபளப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் கூடாது, அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும், அது நாமே பூசுகிற காப்புப் படலம். ஈஎஸ்டி மேட்டுக்கான கிளீனரோ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போதும். துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகும் 100 கோடி ஓமுக்கு மேலேயே நின்றால் அதற்கு ஆயுள் முடிந்தது.

என் சோல்டரிங் மேசையில் இப்போது கிடப்பது 2 மி.மீ. இரண்டடுக்கு ரப்பர், ஏழெட்டுத் தழும்புகளோடு. ஸ்க்ரீன் மாற்றும் சின்ன மேசையில் சாம்பல் நிற மூன்றடுக்கு வினைல். தரை மேட் வாங்கவில்லை, நான் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிற ஆள்.